வீடியோ கேம் வில்லன்களில் உங்கள் மனதை விட்டுப் போகாதவர் யார்? (ஸ்பாய்லர்கள் உண்டு)

மறைமுகன்:

இந்தக் கேள்விக்கு எங்கே போனாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. செஃபிரோத், கிளாடோஸ், வாஸ், ஜோக்கர், முடிந்தது கதை. இங்கே பட்டியல் வேண்டாம். பெயரைச் சொன்னால் ஏன் என்றும் சொல்லுங்கள்.

என் ஓட்டு சைக்கோ மேன்டிஸுக்கு. 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட். அவன் வருவது ஒரே ஒரு சண்டைக்குத்தான். முகமூடி போட்டவன், மனதைப் படிப்பவன் என்று அறிமுகம் செய்கிறார்கள். சரி, எல்லாக் கேமிலும் இப்படி ஒருத்தன் இருப்பான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போவோம். அவன் நம் மெமரி கார்டை, அதாவது ஆடிய ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் அட்டையைப் படிக்க ஆரம்பிக்கிறான். அதில் இதே கேமை வெளியிட்ட கொனாமியின் வேறு கேம் சேவ் (சேமித்த ஆட்டம்) இருந்தால் அதைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்கிறான். கன்ட்ரோலரைத் தரையில் வை, என் சக்தியால் நகர்த்திக் காட்டுகிறேன் என்கிறான். உள்ளே அதிர்வு மோட்டார் ஓட, அது நிஜமாகவே நகர்கிறது! சண்டையில் நாம் எதை அழுத்தினாலும் முன்கூட்டியே தெரிந்து விலகிக்கொள்கிறான். கன்ட்ரோலரை முதல் போர்ட்டிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் சொருகினால் அவனுக்கு நம் மனம் தெரியாமல் போகும்.

சினிமா வில்லன் எவ்வளவு கொடியவனாக இருந்தாலும் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பான். இவன் இந்தப் பக்கம் கையை நீட்டினான். அதனால் என் கட்சி இது: ஹீரோவின் அப்பாவைக் கொன்றவனை மறந்துவிடுவோம், நம் சேவ் ஃபைலில் கை வைத்தவனை மறக்கவே மாட்டோம்.

குண்டூசி:

அப்படிப் பார்த்தால் என் தம்பிதான் எல்லாக் காலத்துக்கும் சிறந்த வில்லன். சேவை அழித்தே இருக்கிறான்.

தூங்காவிழி:

//ஹீரோவின் அப்பாவைக் கொன்றவனை மறந்துவிடுவோம்//

மறைமுகன் அண்ணே, செஃபிரோத்தை "பட்டியல் பெயர்" என்று ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள். உங்கள் அளவுகோலிலேயே அவன் தேறுவான், கேளுங்கள்.

ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் (1997) அவனை முதலில் நாம் சரியாகச் சந்திப்பது ஹீரோ கிளவுட் சொல்லும் பழங்கதையில். அங்கே அவன் எதிரி இல்லை, நம் கூட நின்று சண்டை போடுகிறவன். கிளவுட் லெவல் 1, அவன் லெவல் 50. வழியில் ஒரு டிராகன் வருகிறது. நம்மை ஒரே அடியில் சாய்க்கிற அதே டிராகன் அவனை அடித்தால் சேதம் பூஜ்யம். அவன் ஒரு வெட்டு வெட்டுவான், நமக்கு அதுவரை கனவில்கூட வராத எண் திரையில் வரும். இவன் பலசாலி என்று யாரும் வசனம் பேசவில்லை. சண்டைத் திரையின் எண்களே சொல்லிவிட்டன.

அதற்கப்புறம் சதுப்பு நிலத்தில் மிட்கர் ஜோலம் என்ற பெரிய பாம்பு. அந்த நேரத்தில் அதோடு மோதினால் நாம் காலி, அதனால் சோகோபோ என்ற பெரிய பறவையைப் பிடித்து அதன் மேல் ஏறி ஓடித் தப்பிக்கிறோம். சதுப்பைக் கடந்ததும் அதே இனப் பாம்பு ஒன்று மரத்தில் குத்தி நிறுத்தப்பட்டுத் தொங்குகிறது. செஃபிரோத் அந்த வழியாகப் போயிருக்கிறான், அவ்வளவுதான். ஆள் அங்கே இல்லவே இல்லை. வில்லனை இப்படி அறிமுகப்படுத்திய இன்னொரு கேமைக் காட்டுங்கள்.

நம் குழுவில் இருக்கும் ஏரித்தை அவன் கொல்கிற இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் வலி கதையில் மட்டும் இல்லை. அவள்தான் நம் குழுவின் வைத்தியர். அவளுக்காகப் பாடுபட்டு லெவல் ஏற்றி, கடைசி லிமிட் பிரேக் (சிறப்புத் திறன்) வரை தேடிப் பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. முதல் சீடி முடியும் இடத்தில் அதெல்லாம் போய்விடுகிறது. மெனுவைத் திறந்தால் அவள் பெயர் இருந்த இடம் காலி. இதுவும் நம் சேவில் கை வைப்பதுதானே?

மறைமுகன்:

அந்த மெனு விஷயம் நல்ல அடி. எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம், பரவாயில்லையா?

செவ்வானம்:

நான் இதற்கு எதிர்க்கட்சி.

தந்திரம் ஒரு தடவைதான் ஆச்சரியப்படுத்தும். போர்ட் மாற்றும் வித்தையை ஏற்கெனவே கேள்விப்பட்டவருக்கு மேன்டிஸ் சண்டை, வழியில் வரும் பெரிய எதிரியோடு போடும் ஒரு சாதாரண 'பாஸ்' சண்டை. நடிப்பும் எழுத்தும் அப்படித் தேய்வதில்லை. ஃபார் கிரை 3-இன் (2012) வாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் மாண்டோவின் குரலும் முகமும்தான் அந்தப் பாத்திரம். பேச்சை மெதுவாக ஆரம்பிப்பார், நடுவில் கத்துவார், உடனே குரலைத் தணித்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரிப்பார். பைத்தியம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்லிக்கொண்டே நம்மைக் கல்லோடு கட்டித் தண்ணீரில் உதைத்துத் தள்ளுகிற காட்சியில் எந்த கன்ட்ரோலர் வித்தையும் இல்லை. அதை எத்தனை முறை பார்த்தாலும் அடுத்த நொடி என்ன செய்வாரோ என்ற பயம் வருகிறது.

அந்தக் கேமில் வாஸ் கதை முடியுமுன்பே செத்துப்போகிறார். அப்புறம் வருகிற பெரிய முதலாளியின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவர்தான் வாஸுக்கே சம்பளம் கொடுத்தவர், கதைப்படி பெரிய வில்லன். ஆனால் வாஸ் போனதும் தீவே காலியானதுபோல் ஆகிவிட்டது. அட்டைப்படத்தில்கூட வாஸ்தானே இருக்கிறார்!

குண்டூசி:

ஹாய்ட். விக்கியில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பிக்சல்பித்தன்:

எல்லோரும் 1997-க்குப் பிறகே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

பேக்மேன், 1980. நான்கு பேய்கள். வசனம் இல்லை, பின்கதை இல்லை. ஆனால் நான்குக்கும் குணம் வேறு. சிவப்புப் பேய் நேராக நம்மைத் துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து மடக்கப் பார்க்கும். நீலம் சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதனால் அதன் போக்கைக் கணிப்பது கஷ்டம். ஆரஞ்சு நம்மை நோக்கி வரும், கிட்டே வந்ததும் பின்வாங்கித் தன் மூலைக்குப் போகும். சில வரி நிரல்தான். விளையாடியவர்கள் அதைப் பார்த்து இவன் முரடன், இவன் தந்திரக்காரன், இவன் கோழை என்று குணம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வில்லன் என்றால் அதுபோதும்.

அடுத்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, 1989. அதன் வில்லன் ஜாஃபர் என்று எழுதுவார்கள். அந்த ஜாஃபர் உண்மையில் ஒரு மணல் கடிகாரம்தான், 60 நிமிடக் கெடு. நிஜமான வில்லன் நிழல் மனிதன். கண்ணாடியை உடைத்துக்கொண்டு இளவரசன் பாய்கிறபோது அந்தப் பக்கமாக ஒருவன் வெளியே வருவானே, அவன். இன்னொரு லெவலில் நாம் குடிக்கவேண்டிய மருந்தை வந்து குடித்துவிட்டுப் போவான். இன்னொரு இடத்தில் தாவி வரும் நேரம் பார்த்து வாசலை மூடிவிடுவான். கடைசியில் கத்தியோடு எதிரே நிற்பான். அவனை வெட்டினால் நம் உயிர் குறையும். கத்தியை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள்.

இவன் பிறந்ததே இடப்பற்றாக்குறையால். ஜோர்டன் மெக்னர் அதை எழுதிய ஆப்பிள் 2 கணினியில் இன்னொரு பாத்திரத்தின் படங்களைப் போட நினைவகம் மிச்சமில்லை. அதனால் இளவரசனின் அசைவுப் படங்களையே எடுத்து, சற்று நகர்த்தி அதன்மேலேயே வைத்து மினுமினுப்பான ஓர் உருவம் செய்தார். இளவரசன் ஓடுவதுபோலவே ஓடுவான், தாவுவதுபோலவே தாவுவான். வேறு வழியில்லாமல் செய்தது, கதைக்கு அப்படியே பொருந்தியது.

அகரன்:

பித்தன் சொன்ன நிழல் மனிதன் எனக்கும் பிடிக்கும். நான் ஒரு சின்னக் குழுவில் கேம் வடிவமைப்பு செய்கிறேன், அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் சமையல்கட்டுப் பக்கமிருந்து சொல்கிறேன்.

வில்லனை உருவாக்குவது கஷ்டமில்லை. முடிப்பதுதான் கஷ்டம். பத்து மணி நேரம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசியில் வில்லனைப் பேசித் தோற்கடி என்றால் ஆடுபவருக்கு ஏமாற்றம். அதனால் கதையில் நோஞ்சானாக, பேச்சும் மூளையுமாக இருந்தவர்கூடக் கடைசியில் ஊசி போட்டுக்கொண்டு ராட்சசனாக வந்து நிற்கவேண்டியிருக்கிறது. பயோஷாக் (2007) இதற்குப் பாடநூல் உதாரணம். வில்லன் ஃபான்டெய்ன் கேமின் பெரும்பகுதியில் அட்லஸ் என்ற பெயரில் ரேடியோவில் பேசியே நம்மை ஆட்டிவைத்தவர். கடைசியில் சிலை மாதிரி உடம்போடு வந்து நெருப்பு வீசுகிறார். ஆர்க்கம் அசைலமில் (2009) ஜோக்கருக்கும் அதே கதி. மார்க் ஹாமில் குரலில் ஒலிபெருக்கி வழியாகப் பேசிப் பேசியே உயிரை வாங்கியவரை டைட்டன் மருந்து ஏற்றி மாமிச மலையாக்கிவிட்டார்கள்.

தப்பித்தவர்கள் சிலர் உண்டு. 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட். அதில் மாஸ்டர் என்றொருவர், மனிதர்களை எல்லாம் சூப்பர் மியூட்டன்டுகளாக மாற்றி ஒரே இனமாக்கினால் சண்டையே இருக்காது என்று நம்புகிறவர். அவரைச் சுட்டுக் கொல்லலாம். ஆனால் அந்த மியூட்டன்டுகளுக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆதாரத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், தன் திட்டம் அடிப்படையிலேயே வீண் என்று அவருக்குப் புரிகிறது. தன் இடத்தைத் தானே தகர்த்துக்கொள்கிறார். ஒரு குண்டுகூடச் செலவில்லை. அவர் கெட்டவர் என்பதை விட, நம்பிக்கையோடு தப்பான கணக்கு போட்டவர் என்பது அங்கேதான் தைக்கிறது.

மாஸ் எஃபெக்டில் (2007) சேரன் (Saren) என்ற வில்லனையும் அப்படிப் பேசி வெல்லலாம். ஆனால் அங்கே மனசு வரவில்லை போலிருக்கிறது. அவன் செத்த பிறகும் உடம்பை வேறொன்று எழுப்பிவிட, எப்படியும் ஒரு சண்டை போட்டே தீரவேண்டும்.

செவ்வானம்:

//பேச்சும் மூளையுமாக இருந்தவர்கூடக் கடைசியில் ஊசி போட்டுக்கொண்டு//

இதற்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு.

மறைமுகன்:

பயோஷாக் பேச்சு வந்துவிட்டது, அதனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. எனக்கு அதில் வில்லன் அந்த நகரத்தை ஆளும் ஆண்ட்ரூ ரயனும் இல்லை, ஃபான்டெய்னும் இல்லை. அந்த ரேடியோ.

யோசித்துப் பாருங்கள். கேம் ஆரம்பித்ததும் ஒருவர் ரேடியோவில் வந்து அங்கே போ, இதை எடு, அதைத் திற என்கிறார். நாம் ஏன் என்று கேட்பதே இல்லை. கேம் என்றால் அப்படித்தானே, யாராவது வேலை சொல்வார்கள், நாம் செய்வோம். அவர் ஒவ்வொரு முறையும் பணிவாக ஒரு வார்த்தை போட்டே கேட்டார் என்பதும், அந்த வார்த்தைதான் நம்மை இயக்கும் சாவி என்பதும் ரயன் சொல்லும்போதுதான் தெரிகிறது. அந்த இடத்தில் கன்ட்ரோலர் செத்துவிடுகிறது. ரயன் தன்னைக் கொல்லச் சொல்லி நமக்கே கட்டளை கொடுக்கிறார், கோல்ஃப் மட்டையால் நம் கை அடித்துக்கொண்டே இருக்கிறது, நிறுத்த ஒரு பட்டன் கிடையாது.

அதன் பிறகு கேம் சொதப்பிவிட்டது என்பது என் கருத்து. விடுதலை கிடைத்துவிட்டது என்கிறார்கள், அடுத்த நிமிடமே இன்னொருவர் ரேடியோவில் வந்து அங்கே போ, இதை எடு என்கிறார். நாமும் போகிறோம்.

பிக்சல்பித்தன்:

அதே வித்தை சிஸ்டம் ஷாக் 2-இல் (1999) வந்துவிட்டது தம்பி. ஆரம்பத்திலிருந்து டாக்டர் பொலிட்டோ என்று நமக்கு வழிகாட்டிய குரல் யாருடையது? பொலிட்டோவின் அறைக்குப் போனால் அந்த அம்மா எப்போதோ செத்துக் கிடக்கிறார். இத்தனை நேரம் பேசியது ஷோடன். 1994 முதல் பாகத்தில் நாம் மல்லுக்கு நின்ற அதே செயற்கை அறிவு. கென் லெவின் சிஸ்டம் ஷாக் 2, பயோஷாக் இரண்டிலும் வேலை செய்தவர், அதனால் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஷோடன் குரல் கொடுத்த டெரி பிரோசியஸின் பேச்சை நடுநடுவே வெட்டி, திக்க வைத்து, சுருதி மாற்றி விட்டிருப்பார்கள். கேட்டாலே முதுகு சில்லிடும்.

இரண்டாம்_வீரர்:

ரேடியோ குரல் என்றால் கிளாடோஸ் என்ற செயற்கை அறிவை விட்டுவிட்டு என்ன பேச்சு?

போர்ட்டல் (2007) முதல் பாதியில் அவள் வில்லி என்றே தெரியாது. ஆடக் கற்றுத்தரும் டியூட்டோரியல் குரல் அவள். டியூட்டோரியலை யாராவது சந்தேகப்படுவார்களா? எலன் மெக்லெய்ன் அதை உணர்ச்சியே இல்லாமல் படிக்கிறார், நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் லேசாகப் பிசகும். பதினேழாவது அறையில் இதயம் வரைந்த ஒரு பெட்டியைக் கொடுத்துக் கூடவே வைத்துக்கொள் என்கிறாள். அந்த அறை முடியும்போது அதை எரிக்கச் சொல்கிறாள். எரித்தால்தான் கதவு திறக்கும். எரித்ததும் எவ்வளவு வேகமாக எரித்துவிட்டாய் என்று குத்திக் காட்டுகிறாள். இரும்புப் பெட்டி! அதற்காகக் குற்ற உணர்ச்சி வந்தது பாருங்கள், அதுதான் எழுத்து.

போர்ட்டல் 2-இல் (2011) அவளை உருளைக்கிழங்கு பேட்டரியில் அடைத்துவிட்டு வீட்லி என்ற ரோபோ அந்த இடத்துக்கு வருகிறான். அவனை அங்கே உட்காரவைக்கிற பட்டனை அழுத்தியது யார்? நாம்தான். அதனால் பாதிக் கேம் முழுக்க வில்லனைத் திட்டக்கூட உரிமை இல்லாமல் போய்விட்டது.

நெறியாளர்:

பெயரும் கேமும் முதல் வரியிலேயே வரட்டும். ஆடாதவர்கள் தாண்டிப் போக வசதி. நல்ல இழை, தொடருங்கள்.

குண்டூசி:

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் (2004). பிக் ஸ்மோக்.

காரணம் துரோகம் என்று நினைப்பீர்கள். கிடையாது. ரயிலைத் துரத்தும் அந்த மிஷன். நான் பைக்கை ரயிலோடு ஒட்டி ஓட்டுகிறேன், அவர் பின்னால் உட்கார்ந்து ரயில் கூரையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் சுடுகிறார். மிஷன் தோற்றதும் ரயிலைத் துரத்தியிருந்தாலே போதும் என்று எனக்கே அறிவுரை. பிறகு அவர் எதிரிக்கு விலைபோனவர் என்று தெரிந்தபோது எனக்குத் துக்கமே வரவில்லை. அட, அப்போதே வேண்டுமென்றுதான் குறி தப்பச் சுட்டாயா என்று நிம்மதிதான் வந்தது.

தூங்காவிழி:

ஹாஹா. அந்தக் கேமின் சரியான வில்லன் டென்பெனி. போலீஸ். சாமுவேல் ஜாக்சன் குரல். ஆரம்பத்திலேயே நம் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு எதிரிகளின் ஏரியாவில் இறக்கிவிட்டுப் போவார். கேமில் போலீஸைச் சுட்டால் தேடப்படும் குற்றவாளி என்று நட்சத்திரம் ஏறும், ஆனால் இவரை எந்த மிஷனிலும் தொட முடியாது. கடைசியில்கூட நாம் கொல்வதில்லை, தீயணைப்பு வண்டியைப் பாலத்திலிருந்து தானே கவிழ்த்துக்கொண்டு சாகிறார். அங்கே நாம் துப்பாக்கியைத் தூக்கினால் அண்ணன் வந்து தடுத்துவிடுவான். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த முடிவுதான் பிடித்திருக்கிறது.

செவ்வானம்:

சான் ஆண்ட்ரியாஸ் செய்த ராக்ஸ்டார் பேச்சு வந்ததால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018), மைக்கா பெல். ஆடாதவர்கள் தாண்டவும்.

அவனை நான் வெறுக்க ஆரம்பித்தது துரோகம் தெரிந்த பிறகு இல்லை. நம் கொள்ளைக் கூட்டத்தின் முகாமில் அவன் நடந்துகொள்ளும் விதத்திலேயே. பெண்களிடம் பேசும் பேச்சு, சாப்பிடும்போது மற்றவர்களைச் சீண்டுவது, எந்த வேலைக்குப் போனாலும் தேவையில்லாமல் பிணம் விழவைப்பது. இதெல்லாம் மிஷன் இல்லை, நாம் காபி ஊற்றிக்கொண்டு நடக்கும்போது காதில் விழுபவை. ஜெயிலில் இருக்கும் அவனை மீட்டு வா என்று ஒரு மிஷன் வரும். அதை ஒத்திப்போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன ஆட்கள் ஏராளம். அது கதை எழுதியவர்களுக்குப் பெரிய வெற்றி.

ஆனால் மைக்கா என்ன செய்தாலும் அவன் அவனாகவே இருந்தான். என் தூக்கத்தைக் கெடுத்தவர் கூட்டத்தின் தலைவர் டச். கெட்டவராகப் பிறக்காமல், நம் கண்ணெதிரே ஒவ்வொரு தோல்வியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, திட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். எந்த இடத்தில் அவர் வில்லன் ஆனார் என்று விரல் வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். இது அறுபது மணி நேரம் கூடவே வாழ்ந்தால்தான் கிடைக்கும்.

மறைமுகன்:

அப்போது நீங்களும் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள் அக்கா. முகாமில் நடப்பது, மிஷனைத் தள்ளிப்போடுவது, இதெல்லாம் நாம் செய்வதுதானே.

செவ்வானம்:

வரவில்லை. முகாமில் நடப்பது நான். ஆனால் அங்கே காதில் விழுவது எழுத்து, நடிப்பு. அது இல்லாவிட்டால் வெறும் நடைதான்.

புதுமுகம்_07:

மலேனியா! எல்டன் ரிங். யாருமே சொல்லவில்லையே?

பிக்சல்பித்தன்:

அவள் பாஸ். வில்லன் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து தன் இரட்டைச் சகோதரனுக்காகக் காத்திருந்த அம்மாவிடம் நீங்கள்தான் வேலை மெனக்கெட்டுப் போய் வாள் உருவினீர்கள்.

புதுமுகம்_07:

அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் தன் உயிரை ஏற்றிக்கொள்கிறாளே! கேடயத்தில் தடுத்தாலும் ஏறுகிறது. வில்லத்தனம் இல்லாமல் வேறு என்ன இது?

அகரன்:

அது வடிவமைத்தவர்களின் வில்லத்தனம். :)

ஆனால் புதுமுகம் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1999-இன் ரெசிடென்ட் ஈவில் 3-இல் வரும் நெமசிஸுக்கும் பெரிய கதை கிடையாது. அதுவரை அந்த வரிசையில் ஒரு சொல்லாத ஒப்பந்தம் இருந்தது: கதவைத் தாண்டிவிட்டால் துரத்தி வந்தது அந்தப் பக்கமே நின்றுவிடும். கதவு திறக்கும் அனிமேஷனைப் பார்த்தாலே மூச்சு வரும். நெமசிஸ் கதவைத் தாண்டி வந்தான். அந்த ஒரு விதியை மீறியதுதான் அவனுடைய முழுக் குணச்சித்திரமும்.

ஏலியன் ஐசொலேஷன் (2014) இன்னும் கில்லாடி. அதில் இரண்டு மூளை. ஒன்றுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும், ஆனால் அது ஏலியனிடம் இடத்தைச் சொல்லாது, அந்தப் பக்கமாகப் போய்ப் பார் என்று மட்டும் ஜாடை காட்டும். மற்றது ஏலியனின் சொந்த மூளை, கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் அது ஏமாற்றுகிறது என்ற எண்ணம் வராமல் மோப்பம் பிடிக்கிறது என்ற பயம் வருகிறது. சில கன்சோல்களில் மைக்கை இணைத்துவிட்டால் அறையில் நீங்கள் எழுப்பும் சத்தமும் அதற்குக் கேட்கும். மறைமுகன் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இரண்டாம்_வீரர்:

சேவில் கை வைப்பது என்றால் அண்டர்டேல் (2015) ஃபிளவிதான் ராஜா. ஆரம்பத்தில் நம்மைக் காக்கும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவை லோட் செய்து திரும்பப் போய் உயிரோடு விட்டீர்கள் என்று வையுங்கள். வெளியே வந்ததும் அந்தப் பூ சிரித்துக்கொண்டே, நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது. லோட் செய்தால் நடந்தது நடக்காததாகிவிடும் என்பதுதான் கேமின் மிகப் பழைய நம்பிக்கை. அதையே உடைத்துவிட்டது. பின்னால் ஒரு கட்டத்தில் கேமே மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் நம் சேவ் இருந்த இடத்தில் அவனுடையது இருக்கும். சண்டையில் நாம் செய்கிற சேவ்-லோட் வேலையை அவன் நமக்குச் செய்வான்.

எல்லோரையும் கொல்லும் பாதையில் போனால் வில்லன் நாமே. அதை ஒருமுறை முடித்துவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல பிள்ளையாக ஆடினாலும் நல்ல முடிவில் ஒரு கறை ஒட்டிக்கொள்ளும்.

தூங்காவிழி:

"வில்லன் நாமே" வகை எனக்கு ஒவ்வாது. ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் (2012) ஆடினேன். வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற எரிகுண்டைப் போட்டால்தான் கதை நகரும், வேறு வழியே வைக்கவில்லை. போட்டதும் எரிந்து கிடக்கும் பொதுமக்களைக் காட்டுகிறார்கள். அப்புறம் லோடிங் திரையில் என்னைக் குற்றவாளியாக்கிக் கேள்வி கேட்கிறார்கள். பாதையைப் பூட்டியது நீங்கள், பழி என் மேலா?

இரண்டாம்_வீரர்:

அதனால்தான் அண்டர்டேலைச் சொன்னேன். அங்கே யாரையும் கொல்லாமல் முடிக்க வழி இருக்கிறது. கொல்லும் பாதையில் போக நாமே மெனக்கெட்டு ஒவ்வொரு மூலையாகத் தேடித் தேடி அடிக்க வேண்டும். அலுப்பாகவே இருக்கும். வேண்டாம் என்று விட்டுவிட வாய்ப்பு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அகரன்:

ஸ்பெக் ஆப்ஸில் கேமை நிறுத்துவதே மாற்று வழி என்று வாதாடுபவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கியவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

"ஒன்றும் செய்யாதே" என்பதை அழகாகச் செய்தது ஃபார் கிரை 4 (2014). பேகன் மின் ஆரம்பத்தில் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, இங்கேயே இரு, வந்துவிடுகிறேன் என்று எழுந்து போகிறார். எல்லோரும் தப்பி ஓடுவார்கள், கேம் என்றால் அதுதானே. ஏறக்குறைய கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர் நிஜமாகவே திரும்பி வருகிறார். அம்மாவின் அஸ்தியை வைக்கவேண்டிய இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போகிறார். கேம் முடிந்து பெயர்கள் ஓடுகின்றன. அவர் கொடுங்கோலர்தான், சந்தேகமில்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், நாம்தான் கேட்கவில்லை.

குண்டூசி:

எனக்குப் பிடித்த வில்லனுக்குப் பெயர்கூட நினைவில்லை. ஷேடோ ஆஃப் மார்டார் (2014). ஏதோ ஒரு சாதா ஓர்க் (அரக்க வீரன்), கூட்டத்தில் நின்றவன், தற்செயலாக என்னைக் கொன்றுவிட்டான். அடுத்த முறை போனால் அவனுக்குக் கேப்டன் பதவி! என்னைப் பார்த்து, போன தடவைதானே உன்னை முடித்தேன் என்கிறான். அவனை நெருப்பில் தள்ளினேன். முகத்தில் தீக்காயத்தோடு திரும்பி வந்தான். எழுத்தாளர் யாரும் எழுதாத பகை, எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தது. நீங்கள் ஆடினால் அவன் வரவே மாட்டான், உங்களுக்கு வேறொருவன்.

மறைமுகன்:

இதுதான். இதை ஏன் வேறு யாரும் செய்யவில்லை என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். எதிரி நம்மை நினைவில் வைத்துத் திரும்பி வரும் அந்த முறைக்கும் நெமசிஸ் என்றுதான் பெயர், அதற்கு வார்னர் பிரதர்ஸ் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறார்கள், 2021-இல் கிடைத்தது. உருவாக்கிய மோனோலித் ஸ்டூடியோவையும் 2025-இல் மூடிவிட்டார்கள்.

செவ்வானம்:

அது கொடுமைதான். ஆனால் குண்டூசி, பெயரே நினைவில்லை என்கிறீர்களே. வாஸ் பெயர் நினைவிருக்கிறதா, இல்லையா?

குண்டூசி:

இருக்கிறது. ஆனால் வாஸுக்கு என் பெயர் தெரியாது.

தூங்காவிழி:

கெஃப்கா என்ற வில்லனை யாரும் சொல்லாததால் போகிற போக்கில்: ஃபைனல் ஃபேண்டஸி 6 (1994). கோட்டையின் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டுச் சிரித்த கோமாளி. மற்ற வில்லன்கள் உலகத்தை அழிக்கப்போகிறேன் என்று மிரட்டுவார்கள், இவன் கேமின் நடுவிலேயே அழித்தும் விடுகிறான். நாம் தோற்றுவிட்டோம். அதன் பிறகும் பாதிக் கேம் மீதி இருக்கிறது, சிதறிப்போன குழுவை அந்த இடிபாட்டு உலகத்தில் ஒவ்வொருவராகத் தேட வேண்டும். உலக வரைபடமே மாறிப்போயிருக்கும், பழகிய ஊர்கள் இருந்த இடத்தில் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

புதுமுகம்_07:

நான் இதில் எல்டன் ரிங், சான் ஆண்ட்ரியாஸ் தவிர எதையும் ஆடியதில்லை. எதில் தொடங்கலாம்?

இரண்டாம்_வீரர்:

போர்ட்டல். சின்னக் கேம், ஒரு மாலையில் முடித்துவிடலாம். ஆனால் இந்த இழையைப் படிக்காமல் ஆடுங்கள்.

புதுமுகம்_07:

முழுவதும் படித்துவிட்டேனே.

அகரன்:

அப்படியென்றால் ஏலியன் ஐசொலேஷன். அதில் ஸ்பாய்லர் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் தடவை மைக்கை இணைக்காமல் ஆடுங்கள்.

குண்டூசி:

இணைத்தே ஆடுங்கள். தும்மல் வந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.